ஒரு முழக் கோடு

அந்தத் தையற்கூடத்தில் கட்டிங் மேஜைக்கு வருகிற எவரும் தினமும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். காலையில் வந்ததும் பிரவுன் பேப்பரில் ஒரு பட்டை கிழித்து, ஸ்கேல் வைக்காமல், வெறும் கையால் சாக்கட்டி பிடித்து ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட வேண்டும். மாஸ்டர் பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். கோடு ஸ்கேலோடு ஒட்டிப் போனால் கத்தரியைக் கையில் கொடுப்பார். பிறகு பட்டையில் தேதியைப் போட்டு அவரவர் ஆணியில் குத்திவிடுவார். எப்போதோ ஒருத்தன் முந்தின நாள் குடித்த மப்போடு வந்து ஒரு பேல் கம்பளித் துணியைக் கோணலும் மாணலுமாக வெட்டித் தள்ளியதிலிருந்து வந்த சட்டம் அது.

மேஜைக்காரர்களில் ஒரே பெண் கத்தரி. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கையைவிட வாய் நன்றாக வெட்டும் என்பதால் கூடத்தில் எல்லாருக்கும் அவள் கத்தரிதான். அந்த வெள்ளிக்கிழமை அவள் கோடு போட்டாள். நேராகப் போக வேண்டிய சாக்கட்டி நெளிந்து நெளிந்து போய், முடிகிற இடத்தில் கட்டை விரல் வெட்டி இழுத்துப் பேப்பரையே கிழித்துவிட்டது.

"ஏம்மா கத்தரி, நான் கோடு கேட்டேன். நீ மலைப்பாதை போட்டுக் கொடுத்திருக்கே" என்றார் மாஸ்டர்.

"மாத்திரைதான் மாஸ்டர். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சரியாகுது, இல்லேங்கலை. ஒரு வாரம் ஸ்கேல் மாதிரி போடுறே. அடுத்த வாரம் இப்படி. இத்தனை நாள் பழகின கைன்னு பார்த்தும் பார்க்காம கத்தரியைக் கொடுத்துட்டேன். எந்த வாரத்தை நம்பி உன் கையில துணியைக் கொடுக்கிறது? மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுவரைக்கும் காஜா பட்டன்ல உட்காரு. அன்னைக்கும் இப்படியே இருந்தா மேஜையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். என்னைத் திட்டாதே."

பதினோரு வருடம் நின்றே வேலை செய்த மேஜை. அவள் காஜா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க நாலு தடவை ஆனது.

மாத்திரையை அவள் குறை சொன்னதே இல்லை, அன்றுதான் முதல் தடவை. மூன்று வருடத்துக்கு முன்னால் தையல் மெஷின்களின் இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ அவளைப் பேர் சொல்லித் திட்ட ஆரம்பித்தார்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் விஷம், சோற்றில் விஷம் என்று அவள் பதினாறு நாள் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் மருந்தைச் சொட்டாகக் கொடுத்தார்கள். தெளிந்த பிறகு தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. அந்தக் குரலை வாயடைக்க வைத்தது அதுதான். அதனால் அவளுக்கு மாத்திரையின் மேல் மரியாதை உண்டு. உடம்பு ஊதியது, வாய் உலர்ந்தது, விடிந்தும் கண் சொக்கியது. எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி, அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைத்து, ஒரு இடத்தில் நிறுத்தி, ஒன்றரை வருடமாக வேலைக்கும் வந்துகொண்டிருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. மறந்தால் மறுநாள் இரட்டையாகப் போடக் கூடாது. நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது. கை நடுக்கம், உடம்பு இறுக்கம், கால் ஓயாமல் பரபரப்பது இருந்தால் சொல்லவும். காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு வரவும். தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டி ஓட்டவோ கூரான கருவி பிடிக்கவோ கூடாது. அவளுக்கு அது மனப்பாடம்.

வீட்டுக்காரருக்கும் மனப்பாடம். டவுன் பஸ் டிரைவர் அவர். வெளுத்த சட்டை, பளபளக்கும் ஷூ, யாரைக் கண்டாலும் ஒரு சிரிப்பு. மனைவிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று விட்டுவிட்டு ஓடாமல் கூட இருந்து காப்பாற்றிய மனுஷன் என்று தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவருடைய தங்கை, அதாவது கத்தரியின் நாத்தனார், வாய்க்கு வாய் "எங்கண்ணன் தங்கம் அண்ணி" என்பாள். மத்தியான ஷிப்ட் வாரங்களில் காலையில் அவரே எழுந்து மனைவிக்கு டீ போட்டுக் கொடுப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லித் தங்கள் புருஷன்மாரைக் குத்திக் காட்டுவார்கள். கத்தரிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. டீயில் சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியாக இருந்தது. காஜா பெஞ்சுக்கு நேர் மேலேதான் ஆணிகள். கத்தரி தன் ஆணியிலிருந்த பட்டைகளை மொத்தமாக உருவி, மடியில் போட்டுத் தேதி வாரியாக அடுக்கினாள். மாஸ்டர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது: ஒரு வாரம் ஸ்கேல், ஒரு வாரம் மலைப்பாதை. அடுக்க அடுக்க அது அப்படியே வந்தது. திங்கட்கிழமை கோடு நன்றாக இருக்கும், செவ்வாயில் லேசாக அசையும், வெள்ளியில் தள்ளாடும். அடுத்த வாரம் நடுவில் மெல்லத் தெளிந்து மறுபடி நேராகும். மறுபடி அசையும். அடியில் போகப் போக, ஆறு மாதத்துக்கு முந்தின பட்டைகளில் அசைவே இல்லை. அத்தனையும் நேர்க்கோடு.

இந்த அளவு மாத்திரைக்கு ஒன்றரை வயது. நடுக்கத்துக்கு மட்டும் எப்படி ஆறு மாத வயது? எந்த மாத்திரை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வேலை செய்யும்? அவள் வாழ்க்கையில் வாரம் விட்டு வாரம் மாறுகிறது ஒன்றே ஒன்றுதான். டிரைவருடைய ஷிப்ட்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. டிப்போ சிநேகிதர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிரைவர் வழக்கம்போல, மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை எடுத்துவிட்டார். கத்தரி தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இவர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஆஸ்பத்திரி தூரமாயிட்டே போகுது. இன்னும் நாலு தடவை சொன்னா என்னை வெளிநாட்டுக்கே தூக்கிட்டுப் போயிருப்பாரு." சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார், பல் மட்டும். அவர்கள் போன பிறகு, "உனக்கு மறுபடி பேச்சு ஜாஸ்தியாகுது, பார்த்துக்கோ" என்றார். அந்த வாரத்திலிருந்துதான் காலை டீ.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது டிரைவர் டூட்டியில் இருந்தார். சமையலறை, அலமாரி, கட்டிலுக்கு அடி என்று எல்லாம் பார்த்தாள். கடைசியில் ஷூ பாலிஷ் டப்பா. அவர் ஷூவை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். டப்பாவும் அதில் சேர்த்தி. பிரஷ்ஷுக்கு அடியில், துணி சுற்றி, ஒரு சின்ன பாட்டில். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த அதே சொட்டு மருந்து. நிறமில்லை, வாசமில்லை. பாதி இருந்தது. கூடவே அந்தப் பழைய மருந்துச் சீட்டு நாலாய் மடித்து. சீட்டின் பின்னால் டிப்போ பக்கத்து மருந்துக்கடையின் முத்திரை, தேதியோடு, ஆறு தடவை குத்தியிருந்தது.

இந்த இடத்திலிருந்து அவனுக்கு இந்தக் கதையில் மரியாதை கிடையாது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது கோபமில்லை, பயம். டீயில் எதையோ கலக்கிறான் என்று வெளியே சொன்னால் என்ன ஆகும்? மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் அழுதுகொண்டு சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதானே. ஃபைலில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சொன்ன மறு நிமிஷம், வியாதி திரும்பிவிட்டது, மருந்தைக் கூட்டுங்கள் என்பார்கள். அவன் அதைத்தான் நம்பியிருக்கிறான். அவள் வாயைத் திறந்தால் திறந்த வாயே அவனுக்குச் சாட்சி. அதைவிட மோசம், அவளுக்கே தன்மேல் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. பாட்டிலை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலும் அன்றைக்கு நிஜமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவன் டீயை நீட்டினான். "சுடுது, துணி காயப்போட்டுக்கிட்டே குடிக்கிறேன்" என்று கொல்லைப்பக்கம் எடுத்துப் போய் அழுக்குத் தண்ணீர் வாளியில் ஊற்றினாள். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடித்துக் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய் நேரே மாஸ்டர் முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், என் கையில என்ன இருக்கு?"

"பாட்டில். ஏன்?"

"மேல என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்தின் பேரைத் தடுக்கித் தடுக்கிப் படித்தார். தேதியைப் படித்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன் கண்ணில் படுவது இன்னொருத்தர் கண்ணிலும் படுகிறது என்பதற்காக அத்தனை பேர் நடுவில் மூக்கைச் சிந்தி அழுதாள். பிறகு பட்டைகளைப் பரப்பிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் நெடுநேரம் பட்டைகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்துப் பார்த்தார்.

"உன் கோட்டைப் பார்த்து உன்னைத்தானேம்மா திட்டினேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அவனை என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார்.

"யோசிச்சிட்டிருக்கேன் மாஸ்டர். சின்னதா எதுவும் மனசுக்கு வரமாட்டேங்குது."

உண்மைதான். அன்று முழுக்க பட்டன் தைத்துக்கொண்டே அவள் அவனை விதவிதமாகப் பழிவாங்கினாள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தண்டனை. அவன் சட்டைகளையெல்லாம் பட்டை பட்டையாக வெட்டிப் போடலாம். பஸ் நிலையத்தில் நடுவில் நிறுத்திக் காறித் துப்பலாம். அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து, மொத்தத்தையும் கழிவறையில் கொட்டிவிடுகிறேன், இனி இந்த மருந்தும் வேண்டாம் இவனும் வேண்டாம் என்றுகூடச் சாயங்காலம் ஒரு வேகம் வந்தது. கதவிலிருந்த தாள் கண்ணில் பட்டது. நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது. இவன் செய்த அயோக்கியத்தனத்துக்கு மருந்து என்ன செய்யும் பாவம்? நிறுத்தினால் குரல் திரும்பும். குரல் திரும்பினால் ஜெயிப்பது இவன். சாப்பிட்டுவிட்டு எப்போதும்போல் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பாட்டிலைத் துணி சுற்றிப் பிரஷ்ஷுக்கு அடியில் பழையபடி வைத்தாள்.

அடுத்த வாரம் அவனுக்குக் காலை ஷிப்ட். அந்த வாரம் அவன் டூட்டிக்குக் கொண்டுபோகும் ஃபிளாஸ்கை நிரப்புவது அவள் வேலை. திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் ஃபிளாஸ்கைத் திறந்து வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே அவன் விசிலடித்துக்கொண்டே தலை வாரினான். உனக்கும் வாய் கோணட்டும், உனக்கும் எச்சில் ஒழுகட்டும், ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் உன் விரலும் விறைக்கட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டினாள். ஏழாவது சொட்டில் ஸ்டியரிங் என்ற அந்த வார்த்தை அவள் மண்டையில் உறைத்தது. அவன் பஸ்ஸில்தான் காஜா பெஞ்சுப் பெண்கள் மூன்று பேர் ஏறுகிறார்கள். முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி தினமும் உட்காருவாள். ஃபிளாஸ்கை அப்படியே கவிழ்த்து, சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, புது டீ போட்டு நிரப்பினாள். அன்றைக்கு அவன் தப்பித்தது பயணிகள் புண்ணியத்தில். அவள் மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கடுத்த வாரம் மறுபடி மத்தியான ஷிப்ட். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிற நாள். எப்போதும் அவனுடைய மத்தியான ஷிப்ட் வாரத்தில்தான் அந்த நாள் வரும். அவன்தானே தேதி வாங்குவான். அதனால் டாக்டர் கண்ணில் பட்டதெல்லாம் நடுங்குகிற கத்தரி மட்டுமே. மூன்று நாளாக டீ வாளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் அவள் கோடு ஸ்கேலுக்குப் பக்கம் வந்துவிட்டிருந்தது. வீட்டில் மட்டும் கரண்டியைத் தவறவிட்டாள், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். அவன் அதைப் பார்த்துத் திருப்தியோடு பேப்பர் படித்தான். அந்தத் திருப்தியை அவள் ஓரக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை நாத்தனாரும் கூட வந்தாள். கத்தரிதான் கூப்பிட்டிருந்தாள். "எனக்குத் தலை சுத்துற மாதிரி இருக்கு, துணைக்கு வாயேன்" என்று.

டாக்டரின் அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அது அவன் நாற்காலி. நாத்தனார் சுவரோரம் நின்றாள். டாக்டர் நல்ல பெண்மணிதான், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"எப்படி இருக்காங்க?" என்று வழக்கம்போல அவனைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கா டாக்டர். ஆனா கோபம் வருது, எதிர்த்துப் பேசுறா. பழைய அறிகுறி மாதிரி தெரியுது. டோஸைக் கொஞ்சம் கூட்டினா தேவலை."

"நடுக்கம் இருக்கிறப்போ கூட்ட முடியாதே" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

"டாக்டர், என்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் கத்தரி.

பேனா நின்றது. அவள் பையிலிருந்து பட்டைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். நேர் வாரம் ஒரு பக்கம், நடுக்க வாரம் ஒரு பக்கம். தேதிகளைக் காட்டினாள். ஷிப்டைச் சொன்னாள். கடைசியாக, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "இவர் டீ போடுற வாரம் மட்டும் எனக்குக் கை நடுங்குது. டீயில மருந்து கலக்கிறார்."

டாக்டரின் கண் பட்டைகளிலிருந்து அவள் முகத்துக்கு வந்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். கை தானாக ஃபைலின் முதல் பக்கத்தைத் திருப்பியது.

அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். "பார்த்தீங்களா டாக்டர்? நான் சொல்லலை? அதே பேச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி தண்ணியில விஷம்னா, இன்னைக்கு டீயில. நான் என்ன பாவம் பண்ணேன்?" தங்கையைத் திரும்பிப் பார்த்தான். தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

கத்தரி பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து மூடியில் டீயை ஊற்றினாள். ஆவி பறந்தது. "காலையில எனக்குப் போட்ட டீ டாக்டர். நான் குடிக்கலை, எடுத்துட்டு வந்துட்டேன். என் சந்தேகம் வியாதின்னா அதைத் தீர்க்கிறது சுலபம். இவர் இதைக் குடிச்சிட்டா நீங்க சொல்ற டோஸை நான் வாயைத் திறக்காம போட்டுக்கிறேன்." மூடியை அவன் முன்னால் தள்ளி வைத்தாள். "குடிங்க."

"என்ன விளையாட்டு இது?"

"குடிச்சுக் காட்டிடுண்ணே" என்றாள் நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அண்ணி மனசு ஆறட்டும். ஒரு வாய் டீதானே."

அவன் மூடியைக் கையில் எடுத்தான். உதடு வரைக்கும் கொண்டுபோனான். அவன் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியதை மூன்று பெண்களும் பார்த்தார்கள். மூடி மறுபடி மேஜைக்கு வந்தது.

"எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி டாக்டர்."

"டீ குடிச்சா டூட்டிக்கு என்ன?" என்றார் டாக்டர்.

"இல்ல... வண்டி ஓட்டணும். நாப்பது அம்பது உயிர் டாக்டர், தூக்கக் கலக்கத்துல ஒண்ணு கிடக்க ஒண்ணு..." அங்கே நின்றுவிட்டான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவன் காதுக்கே அப்போதுதான் எட்டியது. முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டி ஓட்டணும்" என்றாள் கத்தரி. "நான் துணி வெட்ட வேணாமா? பத்து இஞ்ச் கத்தரியைப் பிடிச்சிக்கிட்டு ஆறு மாசம் நின்னேனே. என் விரல் போயிருந்தா அதையும் என் வியாதிக் கணக்குலதானே எழுதியிருப்பீங்க?"

பாட்டிலையும் முத்திரை குத்திய சீட்டையும் டாக்டர் முன்னால் வைத்தாள். பிறகு அந்த மூடியை எடுத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டாக்டர் பதறி எழுந்து கையை நீட்டினார்.

"பயப்படாதீங்க டாக்டர். இது நான் போட்ட டீ. இவர் போட்டது இதுல இருக்கு" என்று ஒரு மூடின பாட்டிலையும் எடுத்து வைத்தாள். "சோதிச்சுப் பார்த்துக்குங்க. சர்க்கரை ஜாஸ்தியா இருக்கும்."

நாத்தனார் சுவரோரமிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். "அண்ணே, நீயா?" என்றாள். அவன் எதையோ பூசி மெழுகப் பார்த்தான். அவள் நல்லதுக்குத்தான், சத்தம் குறையட்டும்னுதான், அந்தத் தாள்ல இருக்கிறபடி கவனமாத்தான் என்று வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. டாக்டர் கதவைக் காட்டினார். "வெளியே பெஞ்சுல உட்காருங்க. இனிமே இந்த அறைக்குள்ள நீங்க வர வேண்டாம்." அவன் எழுந்துபோன நாற்காலியில் கத்தரி மாறி உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்கு மெத்தை இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

டாக்டர் அவள் மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "கோபம் வியாதி இல்லை. உங்க மாத்திரை அதே அளவு, அதே நேரம். ஆத்திரத்துல நிறுத்திடாதீங்க. உள்ளே போனது வெளியேற இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இதை நான் எழுதி மேல அனுப்பறேன், அந்த மருந்துக்கடையையும் சேர்த்து" என்றார். பிறகு தயங்கி, "நான் இத்தனை நாள் உங்ககிட்டே கேட்காம அவர்கிட்டயே கேட்டுட்டிருந்தேன்" என்றார்.

"ஆமா டாக்டர், கேட்கலை" என்றாள் கத்தரி. பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தால் டாக்டர் ஏமாந்துதான் போயிருப்பார்.

அண்ணனைத் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய், அன்று சாயங்காலத்துக்குள் மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டது. அதற்காகத்தான் கத்தரி அவளைத் துணைக்குக் கூப்பிட்டதே. தெருவில் எந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு அவன் டீயைச் சொல்லித் தன் புருஷனைக் குத்திக் காட்டவில்லை. டிப்போவில் அவன் ஃபிளாஸ்கைத் திறந்தால் சிநேகிதர்கள், "எனக்கு வேணாம்பா, எனக்குப் பேச்சு கம்மிதான்" என்று கும்பிடு போட்டார்கள். மேலே போன கடிதத்துக்கு விசாரணை ஆரம்பித்திருந்தது. வீட்டுப் பூட்டை மாஸ்டரே வந்து மாற்றிக் கொடுத்தார். அவன் பெட்டியும் ஷூவும் பாலிஷ் டப்பாவுமாகத் தங்கை வீட்டு வெளி அறைக்குப் போய்ச் சேர்ந்தான். அவளும் அவனுக்குச் சாப்பாடு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதக் கடைசி நாள் கத்தரி ஒரு பட்டை கிழித்தாள். கூடமே மெஷின்களை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கோடு போட்டாள். மாஸ்டர் ஸ்கேலை வைத்தார், குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தார். நுனியில் ஒரு நூலளவு அசைவு இருந்தது.

"இது என் கண்ணுல நடுக்கம்" என்று சொல்லிக் கத்தரியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். சட்டை வெளுப்பாக இல்லை. வாசலில் நின்று, தெரியாமல் செய்துவிட்டேன், ஒரு தடவை மன்னித்துவிடு, விசாரணையில் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். அவள் கத்தவில்லை. "உட்காருங்க" என்று முற்றத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டு டம்ளர் டீயோடு வந்து ஒன்றை அவன் முன்னால் வைத்தாள், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

அவன் டம்ளரைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "இதுல என்ன போட்டிருக்கே?"

"டீத்தூள், பால், சர்க்கரை. குடிங்க, ஆறிடப்போகுது."

அவன் கை டம்ளரை நோக்கி நீண்டது. விரல்கள் லேசாக நடுங்கின. பாதி வழியில் திரும்பி வந்து தொடைமேல் உட்கார்ந்துகொண்டது. அவள் தன் டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். அவன் டீயில் ஆடை படிந்தது. கடைசியில் அவன் எழுந்து, பேச வந்ததைப் பேசாமலே போனான்.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கோணாமல் உட்கார வைத்து டீ கொடுத்தாள். ஒரு தடவைகூட அவனால் அதை வாயில் வைக்க முடியவில்லை. அவள் அதில் ஒரு சொட்டும் கலந்ததில்லை, கலக்கப்போவதும் இல்லை. அதை அவனிடம் சொல்லப்போவதும் இல்லை.